இரண்டாம் அழைப்பு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"அன்றாட வாழ்வில் இறைவனின் அழைப்பும் நம் பதிலும்" என்னும் தலைப்பை எனக்குத் தந்தார்கள். அதைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தது ஒரு தாம்பாளத் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே கல்யாணப் பத்திரிகை. நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டால் அழைத்ததாக ஆகாது. வீடு தேடி வர வேண்டும். தட்டை நீட்டி, "குடும்பத்தோட வந்துருங்க" என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். நாம் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டால், வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். அது முதல் அழைப்பு.

கல்யாணத்தன்று மண்டபத்தில் இன்னோர் அழைப்பு உண்டு. இலை போட்டதும் வீட்டுக்காரர் நாற்காலி வரிசைக்கு வருவார். "பந்தி போட்டாச்சு, எந்திரிச்சு வாங்க" என்று கையைப் பிடிப்பார். அது இரண்டாம் அழைப்பு. முதல் அழைப்புக்கு நாம் கொடுத்த வாக்கு மெய்யா என்பது இந்த இரண்டாம் அழைப்பில்தான் தெரியும்.

இன்று நான் சொல்ல வந்தது இந்த இரண்டாம் அழைப்பைப் பற்றி.

1. மறுத்தவர்கள் கெட்டவர்களா?

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன விருந்து உவமையை நாம் எல்லோரும் அறிவோம். ஒருவர் பெரிய விருந்துக்குப் பலரை முன்னதாகவே அழைத்திருக்கிறார். சமையல் முடிந்ததும், எல்லாம் தயார், வாருங்கள் என்று சொல்ல வேலைக்காரரை அனுப்புகிறார். பாலஸ்தீன நாட்டு வழக்கமும் நம் வழக்கமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. முதலில் அழைப்பு, பிறகு பந்திக்கு எழுப்பும் அழைப்பு.

அப்போதுதான் சாக்குகள் வருகின்றன. ஒருவர் நிலம் வாங்கியிருக்கிறார், போய்ப் பார்க்க வேண்டும். இன்னொருவர் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறார், பூட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாமவருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது.

இந்த மூவரில் யாரும் திருடவில்லை, குடிக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. நிலம், மாடு, குடும்பம் ஆகிய மூன்றும் நல்லவை. மூன்றுக்காகவும் நாம் ஆலயத்தில் நன்றி ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். அழைப்பை மறுக்க இவர்களுக்குப் பாவம் தேவைப்படவில்லை. கையில் இருந்த நல்ல காரியமே போதுமானதாக இருந்தது.

நம் சமவெளியில் இந்த மூவரையும் எங்கும் பார்க்கலாம். நிலத்தை வாங்கியவர் பட்டா மாற்றத்துக்காகத் தாலுகா அலுவலகத்தில் நிற்கிறார். ஐந்து ஏர் மாடு இன்று ஐந்து லாரியாக மாறி, நாமக்கல் பட்டறையில் பாடி கட்டிக்கொண்டிருக்கிறது. அல்லது திருச்செங்கோட்டு ரிக் வண்டியாக வடமாநிலத்தில் எங்கோ ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறது. கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான்; கோழி விடுமுறை எடுப்பதில்லை. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவருக்கு ஷிப்ட், சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்குப் பண்டிகைக் கால ஆர்டர். இந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. மழையை மட்டும் நம்பியிருந்த ஒரு வறண்ட பூமி தன் கையால் உண்டாக்கிய வாழ்வு இது.

ஆனாலும் நம் முன்னோர் "பந்திக்கு முந்து" என்றார்கள். எங்கே முந்த வேண்டுமோ அங்கே பிந்தியவர்களின் கதையைத்தான் இயேசு சொன்னார். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விருந்துக்கு வராமல் போனவர்கள் அழைப்பு கிடைக்காதவர்கள் அல்லர், தட்டை வாங்கியவர்கள். ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்து, சபைப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டிருக்கும் உங்களையும் என்னையும் போன்றவர்கள்.

2. சேந்தமங்கலத்துக்கு வந்தவர்

நம் மண்ணுக்கு இந்த அழைப்பு வந்த வழிகளில் ஒன்று சேந்தமங்கலம். கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூருக்கு 1623-ல் ஒரு துறவி வந்தார். இத்தாலியில் பிறந்து, 1606-ல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்ற ராபர்ட் தெ நோபிலி. தத்துவ போதகர் என்று தம்மை அழைத்துக்கொண்டவர். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்போடு வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலம் சென்றார். சேலம் ஆட்சியாளரின் அண்ணனாகிய திருமங்கல நாயக்கர் 1625-ல் ஞானஸ்நானம் பெற்றார்.

தெ நோபிலி நமக்குச் செய்த பெரிய நன்மை, அழைப்பை நம் வாசலுக்கே கொண்டுவந்தது. காவி உடுத்தி, மரக்கறி உண்டு, நம் மொழியிலேயே தட்டை நீட்டினார். அந்நியர் வீட்டு விருந்தாகத் தோன்றிய ஒன்றை நம் வீட்டு விருந்தாக ஆக்கிக் காட்டினார். அதற்காக அவரை நாம் வணங்க வேண்டும்.

ஒரு குறையையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். அவர் தம் காலத்துச் சாதி வரிசையை ஏற்றுக்கொண்டே பணி செய்தார். உயர்சாதியாருக்கு ஒரு குரு, மற்றவருக்கு வேறு குரு என்று ஆயிற்று. 1640 முதல் பல்தசார் த கோஸ்தா என்னும் இன்னொரு குரு பண்டாரசாமி என்னும் துறவியாக வாழத் தொடங்கியது, ஒடுக்கப்பட்டோரிடமும் தாராளமாகப் போய்வர ஒரு வழி வேண்டியிருந்ததால்தான். விருந்து ஒன்று, பந்தி இரண்டு. பின்னர் சீர்திருத்தச் சபையாரும் வந்தார்கள்; சேலத்தில் லண்டன் மிஷன் 1827-ல் பணி தொடங்கியது. 1850-ல் சென்னையில் கூடிய சீர்திருத்தச் சபை மிஷனரிகள் சாதியைச் சபைக்குள் அனுமதிக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். தீர்மானம் எழுதிய பிறகும் பந்தி எத்தனை என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. அந்தக் கேள்விக்கு நான் திரும்ப வருவேன்.

3. மணநாளில் மலையேறியவர்கள்

அதே சேந்தமங்கலம் வழியாக, ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின், வேறு இருவர் கொல்லிமலைக்குப் போனார்கள். ஜெஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். ஜெஸி 1907-ல் இந்தியா வந்தவர். கட்டுமானத் தொழில் தெரிந்தவர், ஓரளவு மருத்துவமும் பயின்றவர். ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் 1879-ல் பிறந்தவர்; ஓவியம் கற்றவர். 1913-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணம் முடிந்த கையோடு, கொட்டும் மழையில் மலையேறினார்கள்.

உவமையின் மூன்றாம் ஆளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆகிவிட்டது, ஆகவே வர முடியாது என்றவர் அவர். இந்த இருவரும் கல்யாணம் ஆனதால் சேர்ந்து புறப்பட்டவர்கள். சாக்காகக் கூடிய ஒன்று இவர்களுக்குச் சாலையாயிற்று. அழைப்பை ஏற்பவர் நிலத்தையும் மாட்டையும் குடும்பத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அவற்றோடு சேர்த்தே எழுந்து வரலாம்.

இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று அந்தச் சாலை கிடையாது. மேலே மலேரியா இருந்தது. நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. படிக்கிணற்றில் மக்கள் கால் நனைய இறங்கித் தண்ணீர் எடுப்பார்கள். காலிலிருக்கும் புழு தண்ணீரில் குஞ்சுகளை விடும். அந்தத் தண்ணீரையே ஊர் குடிக்கும். ஜெஸி புழுவைக் குச்சியில் மெல்லச் சுற்றி எடுத்தார். அத்தோடு நில்லாமல், யாரும் உள்ளே இறங்க முடியாதபடி கிணற்றுக்குச் சுவர் எழுப்பினார். அந்த நோயிலிருந்து இந்தியா விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2000-ல் சான்றளித்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, நம் மலைமேல், ஒரு பிரசங்கியார் கல்லும் சுண்ணாம்பும் எடுத்து அந்த வேலையைத் தொடங்கியிருந்தார். இறைவனின் அழைப்பு அன்றைக்கு அவருக்குக் கிணற்றுச் சுவராக வந்தது.

ஆண்டுகள் பல ஆகியும் அவர் பிரசங்கத்தைக் கேட்டு மனம் திரும்பியவர் எவருமில்லை. அங்கிருந்த பூசாரி ஒருவர் அவரைக் கடுமையாக எதிர்த்தார். முதல் உலகப் போரை அடுத்து இன்ஃபுளுயன்சா காய்ச்சல் பரவியது. பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிட்டார்கள். அண்ட யாரும் துணியவில்லை. ஜெஸி போனார், கஞ்சியும் மருந்தும் கொடுத்தார். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தம் கைக்குழந்தையை ஜெஸியிடம் ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரில் அந்தக் குழந்தை அவர்கள் வீட்டில் வளர்ந்தது. மலைமக்கள் அந்த வீட்டை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்த வீட்டுக்குள் ஜெஸி நுழைந்தபோது அவர் கையில் பிரசங்கம் இருக்கவில்லை, கஞ்சிதான் இருந்தது. இரண்டாம் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. நம்மைப் பிடிக்காத ஒருவரின் வீட்டுத் திண்ணையிலிருந்து வருகிறது. நமக்கு ஆகாத நேரத்தில் வருகிறது.

ஜெஸி 1929 ஜூன் 15 அன்று, மலையிலேயே, கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லினுக்கு அப்போது 50 வயது. பின்னர் சமவெளியிலும் பிற இடங்களிலும் பணிபுரிந்து, 1947-ல், 68 வயதில், மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வாக்கைக் காத்தாயிற்று, இனி ஓய்வெடுக்கலாம் என்று யாரும் சொல்லக்கூடிய வயது. அவர் மறுபடி கொல்லிமலைக்கே போனார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்றார். விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். பச்சைமலைக்கும் கல்வராயன் மலைக்கும் தம் பணியைக் கொண்டுபோனார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

4. ஒரு கைகுலுக்கல்

அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்தவர். நம் கொல்லிமலைப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். 1946-ல் அறுவை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயைப் பற்றி அவருக்குத் தனியாக எந்தத் திட்டமும் இருக்கவில்லை. 1947-ல் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கச் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குப் போனார். அங்கே ஒரு நோயாளியின் விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கியிருந்தன. அந்தக் கைக்குள் தம் கையை வைத்து, அழுத்துங்கள் என்றார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியில் கை துடித்தது. மடங்கிய அந்தக் கையில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன! அப்படியானால் அந்தத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, விரல்களை மறுபடி திறக்க வைக்கலாம். உலகெங்கும் தொழுநோயாளிகளின் கைகளைத் திறந்த அறுவை மருத்துவத்துக்கு அந்தப் பிடி தொடக்கமானது.

பால் பிராண்டுக்கு வானத்திலிருந்து குரல் வரவில்லை. ஊர் தீண்ட அஞ்சிய ஒரு கை அவரைப் பிடித்தது. பெயர்கூடப் பதிவாகாத அந்த நோயாளிதான் அன்று பந்திக்கு எழுப்ப வந்தவர். உவமையில், ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்துவாருங்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். நாம் அவர்களை வெறும் விருந்தினராகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம். அழைப்பைக் கொண்டுவரும் வேலைக்காரரும் பல நேரங்களில் அவர்களே.

5. நம் வாரநாட்கள்

"தேவ அழைத்தல்" என்றால் குருவாகவோ கன்னியராகவோ போவது என்று நம் வீடுகளில் பேசிப் பழகிவிட்டோம். செருப்புத் தைப்பவரின் வேலையும் இறைவன் அழைத்த வேலையே என்று லூதர் சொல்லிக் கொடுத்தார். தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் எழுதி வைத்தது. அப்படியென்றால் அந்த அழைப்பு நெடுஞ்சாலையிலும் வரும்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாம் எல்லோரும் போகிறோம். இருசக்கர வண்டியோடு ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தும் நம்மில் எத்தனை பேர் போலீஸ், கோர்ட் என்று பயந்து கடந்து போயிருக்கிறோம்? 2016-ல் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுபவரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உதவியவர்மேல் வழக்குப் பாயாது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அவருக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் பெயர் "நல்ல சமாரியன்". லூக்காவின் 10ஆம் அதிகாரத்திலிருந்து இந்திய நாட்டின் சட்டப் புத்தகத்துக்குப் போன பெயர். இனி அந்தச் சாலையில் நமக்குச் சாக்கு இல்லை.

நான் பிறரை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் தறி ஓட்டிய ஓர் அம்மா ஒரு சனிக்கிழமை மாலை என் வாசலில் நின்றார். மகனை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். "டாக்டர் சொல்றது எனக்குப் புரியல தம்பி, கூட வந்து ஒருதரம் கேட்டுச் சொல்றியா?" என்றார். மறுநாள் ஆலயத்தில் நான் வேதபாடம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் வர்றங்க அம்மா" என்றேன். சரி தம்பி என்று போய்விட்டார். மறுநாள் நான் போனபோது வேறு யாரோ வந்து கேட்டுச் சொல்லியிருந்தார்கள். மகன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவே இல்லை. அன்று நான் தயாரித்த பாடத்தில் ஒரு வரிகூட இன்று எனக்கு நினைவில்லை. சரி தம்பி என்று அவர் சொன்ன குரல் நினைவிருக்கிறது.

நிலமும் மாடும் மட்டும் சாக்காவதில்லை. வேதபாடமும் சாக்காகும்.

ஆகவே எழுந்திருக்கும் பழக்கம் உடம்பில் ஊற வேண்டும். என் தாயார் உலை வைக்கும்போதெல்லாம், அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடியரிசிக் காணிக்கை. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி நிற்கவில்லை. மீதமானதைக் கொடுப்பது வேறு, முதலில் எடுத்து வைப்பது வேறு. முதலில் எடுத்து வைக்கும் கைக்குத்தான் வாசலில் ஆள் நிற்கும்போது தயக்கம் வராது. இன்று நம் வீடுகளில் அரிசி நிறைய இருக்கிறது. குறைவாக இருப்பது நேரம். பிடியரிசிபோல் பிடி நேரம் எடுத்து வைப்போம். பண்ணைக் கணக்குக்கும் ஷிப்டுக்கும் கொடுப்பதற்கு முன், வாரத்தில் ஓர் அந்தியை எதற்கும் ஒப்புக்கொடுக்காமல் வைத்திருப்போம். யார் வந்து நின்றாலும் எழுந்து போக அது நமக்கு இடம் கொடுக்கும்.

6. எத்தனை பந்தி?

திரும்ப வருவேன் என்று சொன்ன கேள்வி இதுதான். இன்றும் தமிழ்நாட்டில் சாதியின் பெயரால் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் உண்டு. திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பங்கு பெற்றுவிட்டு, வீட்டு விருந்தில் யாரை அழைப்பது என்பதைச் சாதி பார்த்து முடிவு செய்கிறோம். மகளுக்கு வரன் தேடும்போது முதல் கேள்வியாக அதையே கேட்கிறோம். தெ நோபிலி காலத்துத் தடுமாற்றத்துக்கு அவர் காலத்தைக் காரணமாகச் சொல்லலாம். 400 ஆண்டுகள் கழிந்த பின் நமக்கு எந்தக் காலத்தைக் காரணம் சொல்வது?

விருந்து வைத்தவர் நாம் அல்ல. வீடு அவருடையது, இலை அவருடையது, சோறு அவருடையது. பக்கத்து இலையில் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்ய அழைக்கப்பட்டவனுக்கு உரிமை இல்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுந்து போகிறவன், அழைத்தவரையே அவமதித்துப் போகிறான். இதில் நடுவழி இல்லை என்பது என் உறுதியான தீர்ப்பு.

பெரியோரே, உங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். முதல் பந்தியில் உறவுக்காரர் ஒருவருக்காக இலை போட்டு வைத்திருக்கிறீர்கள். தட்டை வாங்கியவர், வருகிறேன் என்று சொன்னவர். பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு அந்த இலைக்கு முன் வந்து நின்று, உங்களைப் பார்க்கிறார். அப்போது உங்கள் நெஞ்சில் எழுவது கோபமாகவும் இருக்கலாம். அதற்கும் முந்தியது வருத்தம்தான். நமக்காகப் போட்ட இலை காலியாகக் கிடக்கும்போது விருந்து வைத்தவருக்கும் அந்த வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தை அவருக்குக் கொடுக்காதிருப்போம்.

நாளை திங்கட்கிழமை. பண்ணையும் பட்டறையும் தறியும் பள்ளிக்கூடமும் காத்திருக்கும். அங்கே யாராவது உங்கள் பெயரைச் சொல்லி, ஒரு நிமிடம் வருகிறீர்களா என்று கேட்பார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லாதீர்கள். எழுந்து போங்கள்.